முடி கொட்டுகிறதா, மெலிகிறதா, முறிகிறதா? நீலகிரிவாசிகளுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தேங்காய் எண்ணெய் டப்பாவை அடுப்போரம் வைத்தால்தான் உருகும் ஊரில் வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பதே பெரிய காரியம். அதனால் முடி பற்றிய பயம் இங்கே பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறைத் தண்ணீர் போகும் வாயில் நெல்லிக்காய் அளவு சுருளைப் பார்த்ததும் தொடங்குகிறது. அந்தச் சுருளை எடுத்துப் போடும் முன் ஒரு கணக்கு. நல்ல தலையிலும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். தினமும் தலை குளிப்பவருக்கு அது தினமும் போய்விடுகிறது. வாரம் முழுக்கப் பின்னலுக்குள்ளோ குல்லாய்க்குள்ளோ இருக்கும் தலையில், வேரை விட்ட முடிகூட மற்ற முடிகளோடு சிக்கி அங்கேயே நிற்கும். ஞாயிறன்று நீங்கள் பார்ப்பது ஒரு நாள் உதிர்வு அல்ல, ஒரு வார பாக்கி. ஆக, ஒரு நாள் சுருளைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். நான்கு வாரச் சுருள்களைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்துத் தேதி எழுதி வைத்து ஒப்பிடுங்கள். ஒரே அளவாக இருந்தால் அது உங்கள் வழக்கம். வாரத்துக்கு வாரம் பெருத்தால் கீழே படியுங்கள்.

எண்ணெய் வாங்கும் முன் மூன்று சோதனை

முதலில் இழுத்துப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் சுமார் 50, 60 முடியைப் பிடியுங்கள். தடித்த தையல்நூல் பருமன் வரும். தோலை ஒட்டிய இடத்திலிருந்து நுனிவரை மெதுவாக, ஆனால் விடாமல் உருவுங்கள். உச்சி, இரு பக்கம், பின்தலை என நான்கு இடத்தில் செய்யுங்கள். ஓரிரண்டு வந்தால் பரவாயில்லை. ஒரு பிடிக்கு ஆறோ அதற்கு மேலோ வந்தால் உதிர்வு நடந்துகொண்டிருக்கிறது. தலை குளித்த அன்று செய்தால் குறைவாகத்தான் வரும், ஒரு நாள் விட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, விழுந்த முடியின் இரு முனைகளையும் வெள்ளைக் காகிதத்தில் வைத்து ஜன்னலோரம் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து வேரோடு வந்த முடி. அந்தக் குமிழைப் பார்த்து "வேரே வந்துவிட்டது, இனி முளைக்காது" என்று பயப்படுபவர்கள் நிறைய. மயிர்க்கால் தோலுக்குள்ளேதான் இருக்கிறது, அதிலிருந்து அடுத்த முடி வரும். இரு முனையிலும் குமிழ் இல்லை, நீளமும் குட்டையும் கலந்திருக்கிறது என்றால் முடி உதிரவில்லை, முறிகிறது. அதற்கு வைத்தியமே வேறு.

மூன்றாவது, படம். உலர்ந்த தலை, நடுவகிடு, அதே ஜன்னல், அதே நேரம், மாதம் ஒன்று. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, படம் காட்டிக்கொடுக்கும்.

தலை முழுக்க ஒரே மாதிரி, கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது

வகிடு அகலவில்லை, வழுக்கை இல்லை, ஆனால் தலையணை, சீப்பு, ஸ்வெட்டர் முதுகு எங்கும் முடி. குமிழோடு வருகிறது. இப்படி இருந்தால் காலண்டரை எடுத்து இரண்டு மூன்று மாதம் பின்னால் போங்கள். டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, ஒரே மாதத்தில் எடை குறைக்கும் பட்டினி, வீட்டில் ஒரு சாவு. பெரும்பாலும் ஏதாவது ஒன்று அங்கே இருக்கும்.

இந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் முடி உடம்புக்கு அடி விழுந்ததும் ஓய்வுக்குப் போய்விடும். அந்த ஓய்வு சுமார் மூன்று மாதம். அது முடிந்த பிறகுதான் விழும். ஜூன் மழையில் வந்த காய்ச்சலுக்கு முடி கொட்டுவது செப்டம்பரில். அதற்குள் காய்ச்சல் மறந்துபோய், போன வாரம் மாற்றிய ஷாம்பூ மேல் பழி விழுகிறது. இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இந்த வகை உதிர்வு ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகவே நிற்கும். நிற்கிற நேரம் பார்த்து எந்த எண்ணெயைத் தடவினாலும் அதற்குத்தான் பெயர்.

பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இதே கதைதான். குழந்தை பிறந்த இரண்டு முதல் நான்கு மாதத்தில் தொடங்கும், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலும் பழைய அடர்த்தி வந்துவிடும். பால் கொடுப்பதால் முடி கொட்டுகிறது என்று பாலை நிறுத்த வேண்டாம்.

புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளையும் பாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில பீட்டா பிளாக்கர்கள், பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின், அளவு மீறிய வைட்டமின் ஏ எல்லாம் முடியைக் கொட்டவைக்கும். கருத்தடை மாத்திரையை நிறுத்தினாலும் கொட்டலாம். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள்.

மூன்று மாதம் பின்னால் போயும் ஒன்றும் இல்லை, அல்லது ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்தம் பார்க்க வேண்டும். இங்கேதான் மலைக்கு என்று தனிக் கணக்கு வருகிறது.

ரத்தப் பரிசோதனைத் தாளை மலையில் படிக்கும் விதம்

"எச்.பி. (ஹீமோகுளோபின்) 12.4, நார்மல்" என்று அச்சடித்த தாளோடு வரும் பெண்களுக்கு ரத்த சோகை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 என்ற எல்லை கடல் மட்டத்துக்கானது. உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு கூடுதலாகச் சிவப்பணு செய்துகொள்ளும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அந்த உயரத்தில் எச்.பி. அளவில் குறைந்தது 1 கிராமாவது கழித்துப் படிக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் திருத்தக் கணக்கு. 12.4 ஊட்டியில் 11.4 ஆகிவிடுகிறது, அதாவது சோகை. குன்னூர், கோத்தகிரிக்கு இதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கழிக்கலாம், கூடலூருக்கு இன்னும் குறைவு. பரிசோதனைக் கூடத்தின் தாளில் இந்தத் திருத்தம் பெரும்பாலும் இருக்காது.

முடிக்கு எச்.பி.யைவிட, உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின்தான் முக்கியம். எச்.பி. கையில் புரளும் காசு என்றால் ஃபெரிட்டின் வங்கி இருப்பு. இருப்பு கரைந்து வெகுநாள் கழித்துத்தான் கைக்காசு குறையும், உடம்பு முதலில் வெட்டும் செலவோ முடிதான். ஃபெரிட்டின் 15-க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைபாடு என்பதில் சந்தேகமே இல்லை. 30-க்குக் கீழ் இருந்தாலும் மருத்துவர்கள் பெரும்பாலும் குறைபாடாகவே எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல், மூட்டு வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், சளி ஜுரத்தோடு போய் ரத்தம் கொடுக்காதீர்கள்.

குறைவு என்று தெரிந்தால் இரும்பு எங்கே போகிறது என்று தேடுங்கள். மாதவிடாயில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? தேயிலைத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறீர்களா? ஈர மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறும் கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். அதற்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை, பிறகு காலில் செருப்போ பூட்ஸோ.

அப்புறம் டீ. இட்லி, சப்பாத்தி, களி எதுவானாலும் கூடவே ஒரு டம்ளர் டீ என்பது இங்கே பழக்கம். டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரை, கேழ்வரகு, பருப்பிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது, சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சும் இரும்பு பாதிக்கு மேல் குறைந்துவிடும். டீயை விடச் சொன்னால் நீலகிரியில் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மாத்திரையை எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்து எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், அப்படி எடுத்தாலும் நன்றாகவே ஏறும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். எச்.பி. சரியானதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரைச் சோகை, இருக்கிறது. அந்தச் சோகை இரும்பு மாத்திரைக்குச் சரியாகாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முதலில் அந்தப் பரிசோதனை.

அடுத்து தைராய்டு. சுரப்பு குறைந்தால் முடி வறண்டு கொட்டும், புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலியும், மலச்சிக்கல், எடை, சோர்வு, குளிர் தாங்காமை. இந்தக் கடைசி அறிகுறிதான் மலையில் ஒளிந்துகொள்ளும். டிசம்பரில் ஊட்டியில் யாருக்குத்தான் குளிராது? அதனால் உங்களை உங்கள் வீட்டாரோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல் மதியம் மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் நீங்கள் மட்டும் கழற்றவில்லையா? டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். பயோட்டின் பல பரிசோதனைக் கருவிகளைக் குழப்பி, குறைந்த தைராய்டைச் சரியாக இருப்பதுபோலவோ அதிகம்போலவோ காட்டிவிடும். பயோட்டின் குறைபாடு அரிது என்பதால் அந்த மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு வேண்டாத செலவும்கூட.

வகிடு அகலுகிறது, அல்லது நெற்றி ஏறுகிறது

சுருள் பெரிதாக இல்லை, ஆனால் படத்தில் உச்சந்தலைத் தோல் தெரிகிறது. முடியின் எண்ணிக்கையைவிடப் பருமன் குறைகிறது. வகிட்டருகே சில முடியையும் பின்கழுத்தருகே சில முடியையும் விரலிடையே உருட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆண்களுக்கு நெற்றிப்பொட்டு ஓரமும் உச்சிச் சுழியும் மெலிதல், பெண்களுக்கு நெற்றிக்கோடு அப்படியே இருக்க நடுவகிடு மட்டும் அகலுதல். இது பரம்பரை வகை, அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். மாதவிடாய் தள்ளிப்போய், முகவாயில் முடி, பருவும் சேர்ந்தால் பெண்களுக்கு பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நன்கு நிரூபணமான பூச்சு மருந்து மினாக்சிடில். பெண்களுக்கும் ஆண்களுக்கும் அளவும் செறிவும் மருத்துவர் சொல்லட்டும். ஆண்களுக்கு வழக்கம் 5 சதவீதம், வேளைக்கு 1 மில்லி, நாளுக்கு இருமுறை. மருந்து நல்லதுதான், தடவும் விதத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முடியை விலக்கி, உலர்ந்த தோலில் விட்டு விரலால் பரப்ப வேண்டும். மூடுபனி நாளில் தலை காயவே மணிக்கணக்காகும், ஈரத்தின் மேல் விட்டால் வழிந்து போகும். விட்டதும் கம்பளிக் குல்லாய் மாட்டினால் மருந்து குல்லாய்க்குத்தான். நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். இரவுப் பூச்சைப் படுக்க இரண்டு மணி நேரம் முன்பே முடியுங்கள், இல்லாவிட்டால் தலையணை வழியாகக் கன்னத்தில் பட்டு அங்கே பூனைமுடி வளரும். நான்கு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் அது தலையணையை, கையை நக்காமல் பாருங்கள், சிறு அளவுகூடப் பூனைக்கு உயிராபத்து.

தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பழைய முடியை வெளியே தள்ளிப் புது முடி கிளம்புவது அது. பாதிப்பேர் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பும், ஆகவே விடாமல் செய்ய முடியாது என்றால் தொடங்காதீர்கள். கர்ப்பம், தாய்ப்பால், இதயநோய் இருந்தால் வேண்டாம். தோல் அரித்தால் திரவத்திலுள்ள ப்ரொப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம், அது இல்லாத நுரை வகை கிடைக்கிறது.

இதே பரம்பரை வகைக்கான மாத்திரை ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம் ஆண்களுக்கு, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும். கர்ப்பிணி உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. புராஸ்டேட் சுரப்பிக்காகப் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கும்போது இதை எடுப்பதைச் சொல்லுங்கள், அது அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

ஊட்டிக் கடைகளில் வரிசையாக நிற்கும் ரோஸ்மேரி எண்ணெய்? 2015-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, ஆறு மாதத்தில் 2 சதவீத மினாக்சிடில் அளவுக்கு அது பலன் தந்ததாகச் சொன்னது. ஒரே ஆய்வு, அதுவும் குறைந்த செறிவு மினாக்சிடிலோடு. ஆசைப்பட்டால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

வட்டமாக ஓர் இடம் காலி

விரல் வைத்துத் தடவுங்கள். வழுவழுவென்று, செதில் இல்லாமல், நாணயம்போல் இருந்தால் பூச்சிவெட்டு. பூச்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும், நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழி இருக்கலாம். ஒற்றை வட்டம் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே முளைக்கும், முதலில் வெள்ளையாக. வேகமாகப் பரவினால் தோல் மருத்துவர் வட்டத்துக்குள் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவார். குன்றிமணியை அரைத்துத் தேய்க்கும் கைவைத்தியம் இன்னும் இருக்கிறது. குன்றிமணி கொடிய விஷம், சிறுபிள்ளை இருக்கும் வீட்டில் அரைக்கவே கூடாது.

குழந்தைக்குச் செதில், அரிப்பு, அடியோடு முறிந்த கறுப்புப் புள்ளிகள், பின்கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது படர்தாமரை. களிம்பு மயிர்க்காலுக்குள் இறங்காது, வாய்வழி மருந்து ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அரிப்பை அடக்கி, பூஞ்சையை உள்ளே வளர்க்கும். மலை வீடுகளில் இது பரவும் வழி குல்லாய்: அண்ணனுடையது தம்பிக்கு, தம்பியுடையது பக்கத்து வீட்டுக்கு. எல்லாக் குல்லாயையும் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள், சீப்பைத் தனியாக்குங்கள், புதிதாக வந்த நாய்க்குட்டி பூனைக்குட்டிக்குச் சொட்டை இருக்கிறதா பாருங்கள்.

நெற்றியோரம், காதோரம், அல்லது சுமை உட்காரும் இடம்

இறுக்கிய பின்னல், உயரக் கொண்டை, கனத்த பூச்சரம். ஓரத்தில் பொடிமுடி மட்டும் ஒரு கரைபோல் நின்று, அதற்குப் பின்னால் காலியாக இருந்தால் இழுவைதான் காரணம். விறகுக் கட்டும் தழை மூட்டையும் தலையில் சுமப்பவர்களுக்கு உச்சியில் உரசி முறியும். சும்மாட்டைத் தடிமனாக, வழுக்கும் துணியில் சுற்றி, வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பின்னலைத் தளர்த்தினால் சில மாதத்தில் திரும்பும். பல வருடம் இழுத்தால் திரும்பாது.

குமிழ் இல்லாமல் முறிகிறது

ஈரத்தலையைப் பின்னிக் கட்டுவதே இங்கே முதல் காரணம். காயாமல் கட்டிய முடி ஊறி, வலுவிழந்து, மறுநாள் சீப்புக்கு முறியும். மதியத்துக்கு முன்னால் தலைக்குக் குளியுங்கள், துண்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வாருங்கள். முடித்தண்டில் வெள்ளை முடிச்சு தெரிந்தால் நகத்தால் தள்ளிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நகராதது ஈர். வழுக்கி நகர்ந்தால் ஈரமுடியில் வளரும் பூஞ்சையாக இருக்கலாம், அந்த நீளம்வரை வெட்டுவதுதான் சுருக்கு வழி.

கோவைக்குப் படிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் அங்குள்ள உப்புத் தண்ணீரைக் குறை சொல்வார்கள். கடின நீர் முடியைச் சொரசொரப்பாக்கி முறியவைக்கும், வேரைத் தொடாது. குமிழோடு கொட்டினால் விடுதிச் சாப்பாட்டையும் மூன்று மாதம் முன்பு வந்த ஜுரத்தையும் விசாரியுங்கள்.

பொடுகு, அரிப்பு

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட குளிரில் கூடும். செதிலைப் பார்த்ததும் எண்ணெய் ஊற்றுவது தவறு, பொடுகோடு சேர்ந்த பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவைத் தோலில் தேய்த்து 5 நிமிடம் விட்டு அலசுங்கள், வாரம் இருமுறை, நான்கு வாரம். கொதிக்கும் கெய்சர் நீரைத் தலையில் ஊற்றாதீர்கள். நீலகிரித் தைலத்தை நேரடியாகத் தலையில் தேய்த்தால் தோல் வெந்து இன்னும் உரியும். சிறு குழந்தைக்கு அது வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எரிகிறது, வலிக்கிறது, தோல் பளபளக்கிறது

முடி போன இடத்தில் மயிர்க்கால் துளையே தெரியவில்லை, சுற்றிலும் சிவப்பு, தொட்டால் வலி. இது தழும்பாகும் வகை. போன முடி திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். வீட்டில் எதையும் முயலாமல் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள், கீழே கோவைக்கு இறங்க வேண்டியிருந்தாலும்.

போகும்போது மாதப் படங்கள், தேதி எழுதிய காகித மடிப்புகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது செதிலும் மயிர்க்காலும் மறைந்துபோகும்.